ஓசையும் தளையும்

அப்புத்தளை மலைமுகட்டில் விடியற்காலத்தை ஒளிகொண்டு அறிவது அரிது. தென்திசைச் சமவெளியினின்று மேலேறிவரும் மூடுபனி தேயிலைச் சரிவுகளைப் போர்த்துக்கொள்ளும் மாதங்களில், கிழக்கு எது, மேற்கு எது என்பதே புலப்படாது. அந்த இருளுக்குள் பொழுது புலர்ந்துவிட்டது என எங்களுக்கு அறிவித்தது ஓர் இரும்பின் ஓசையே. எங்கள் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் தண்டவாளத் துண்டு ஒன்றைச் சங்கிலியிற் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். அயலிலுள்ள தோட்டங்கள் சிலவற்றில் தப்படித்து ஆளெழுப்பினர். எங்கள் தோட்டத்தில் அவ்வேலையை இந்த இரும்பு செய்தது. மலையகப் புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் சென்றடைந்தது. அப்பாதைக்கெனக் கொண்டுவந்த இரும்பில் மிஞ்சிய துண்டு அது என முதியோர் கூறுவர். அது எவ்வாறு எங்கள் களத்தை அடைந்தது என்பதை அறிந்தவர் எவருமிலர்.

நாளொன்றுக்கு இருமுறை அதனை அடிப்பார்கள். முதல் அடி எழுவதற்கு. இரண்டாம் அடி களத்தில் வந்து நிற்பதற்கு. இரண்டாம் அடிக்குப் பின் வருபவருக்கு அன்று பேர் இல்லை; அஃதாவது அன்றைய கூலி இல்லை. என் தாயைப் பெற்ற பாட்டியை நாங்கள் அம்மாயி என்றழைப்போம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர் அவர். முதல் அடிக்கு முன்னரே எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் களத்திற்கு ஓடியவர். ஒரு நாள் என் தாய்க்குக் கடுங்காய்ச்சல். குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு அம்மாயி களத்தை அடைந்தபோது இரண்டாம் அடியின் ரீங்காரம் இன்னும் ஓயவில்லையாம். ஆயினும் பேரேட்டை மூடிவிட்டனர். அன்று திரும்பி நடந்த வழியைப் பற்றி அவர் எப்போது சொன்னாலும், திட்டியவரைப் பற்றிச் சொல்லமாட்டார். அந்த ஓசையைப் பற்றியே சொல்வார். “நான் போய் நிக்கிறேன், அது இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு. கேட்டுக்கிட்டே இருக்கயில எப்படி நேரம் முடிஞ்சதாகும்?” என்பது அவருடைய தீராத வழக்கு.

முதுமையில் அவருடைய செவி மங்கிற்று. ஆனால் சமையற்கட்டில் ஒரு பித்தளைச் செம்பு தவறி விழுந்தாலும் திடுக்கிட்டு எழுந்து, “பெரட்டுக்கு அடிச்சிட்டாங்களா?” என்று கேட்பார். நாங்கள் நகைப்போம். அந்நகைப்பைப் பற்றி இப்போது எண்ணும்போது நாணம் தோன்றுகிறது. அந்நாணத்தை எனக்குத் தந்தது, வியப்பாகத் தோன்றலாம், ஒரு சீன எழுத்து.

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1911இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல், 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனக் கடற்றலைவர் செங் ஹ என்பாரின் பயணத்தோடு தொடர்புடையது. அதில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கைகளை உரைக்கின்றன. மூவேறு தெய்வங்களை மும்மொழியில் ஒரே கல்லில் வணங்கிய அந்தச் செயலைக் கண்டபோது, பக்கத்திலிருக்கும் தமிழை ஒருவாறு எழுத்துக்கூட்டவேனும் இயன்ற எனக்கு, சீனத்தில் ஓர் எழுத்தும் தெரியாதது குறையாகப்பட்டது. அக்குறை தீர மாலை வகுப்பொன்றிற் சேர்ந்தேன். கற்றது சொற்பமே. ஆயினும் அகராதியைப் புரட்டும் பழக்கம் கைவந்தது.

சீன எழுத்துகளிற் பெரும்பாலானவை இரு பகுதிகளால் அமைந்தவை. ஒரு பகுதி பொருளின் இனத்தைக் காட்டும். மற்றது ஒலியைக் காட்டும். மரத்தின் குறி இருப்பின் மரத்தோடு தொடர்புடையது. நீரின் குறி இருப்பின் நீரோடு தொடர்புடையது. இம்முறையில் உலோகக் குறியை இடப்பக்கத்தே தாங்கி, உலோகங்களின் ஓசையைக் குறிப்பதற்கென்றே அமைந்த எழுத்துகள் பல உள. ‘கெங்’ என்றொன்று, ‘சியாங்’ என்றொன்று, ‘செங்’ என்றொன்று. கெங், சியாங் என்னும் இரண்டையும் இணைத்தால், எடுப்பான குரலையும் உரம் பொருந்திய பேச்சையும் குறிக்கும் சொல்லாகிவிடும். நாம் ‘கணீரென்ற குரல்’ என்று சொல்வதும் இதுவே அன்றோ? சீனப் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு மக்கள் வழங்கிய செல்லப்பெயரிலும் இச்சொல் இருக்கிறது; ஓசை கணீரிடும் ரோசாமலர்கள் என்பது அதன் கருத்து. இவற்றுள் சியாங் என்பது மிகத் தொன்மையானது. சீனரின் பழம்பெரும் கவிதைத் தொகையில், தேர்க்குதிரைகள் அணிந்த மணிகளின் ஓசையாக அது இரட்டித்து வருகிறது. அதே ஓசை அந்நூலின் பிறிதோரிடத்தில் உலோகக் குறிக்குப் பதிலாக மணிக்கல்லின் குறியோடு எழுதப்பட்டிருக்கிறது.

என்னை நிறுத்தியது இவை அல்ல. ‘டாங்’ என்னும் எழுத்து. இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் ‘டாங்’ என்னும் ஒலிக்குறி. இரும்பை இரும்பு தாக்கும் ஓசை. எங்கள் களத்துத் தண்டவாளம் எழுப்பிய அதே ஓசை என் முன் ஓரெழுத்தாக நின்றது. வலப்பகுதி இங்கே ஒலிக்காக மட்டுமே வந்தது. எனினும் அது தனித்து நிற்கையில் ‘செய்ய வேண்டும்’, ‘கடமை’ என்னும் கருத்துகளைத் தரும் சொல் என்பதை அறிந்தபோது புன்முறுவல் தோன்றிற்று.

அடுத்த வரி அப்புன்முறுவலை அகற்றியது. அவ்வெழுத்துக்கு ‘லாங்’ என்னும் துணை சேர்ந்து ‘லாங்டாங்’ ஆகும்போது அது சிறைப்பட்டோரைப் பிணிக்கும் இருப்புச் சங்கிலி எனப் பொருள்படும். சங்கிலி எழுப்பும் ஓசையே சங்கிலிக்குப் பெயராயிற்று. இன்றும் சீனச் செய்தித்தாள்களில் ஒருவர் சிறை புகுந்ததைச் சொல்லுமிடத்து இச்சொல்லைச் சேர்த்து எழுதுவது மரபு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் பான் கூ இயற்றிய ஹான் அரசவரலாற்றில், கி.பி. 9 முதல் 23 வரை ஆண்ட வாங் மாங் என்பானைப் பற்றிய பகுதியில், இச்சொல் உலோகக் குறி சேராத முந்திய வடிவில் வருகிறது. நாணயச் சட்டத்தை மீறிய குடிகளும், அவர்தம் அயலாரும் அரசின் அடிமைகளாக்கப்பட்டனராம். ஆடவர் கூண்டு வண்டிகளில் ஏற்றப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் கழுத்திற் சங்கிலியோடு நடத்திச் செல்லப்பட்டனர். அவர்கள் நூறாயிரக் கணக்கினர் என்கிறது அந்நூல்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. செம்பு விழுந்த ஓசைக்கு அம்மாயி எழுந்து நின்ற காட்சி மீண்டும் மீண்டும் தோன்றிற்று. ஓர் ஓசை அதனைக் கேட்டவரின் உடலில் எவ்வளவு காலம் தங்கும் என்பதைச் சீனர் ஓரெழுத்தில் எழுதி வைத்திருந்தனர். நானோ அதனை வீட்டிற் கண்டும் அறியாதிருந்தேன்.

அவ்வெழுத்து சீனத்தோடு நின்றுவிடவில்லை. சீன எழுத்தைக் கடன்கொண்ட நாடுகளுக்கெல்லாம் சென்றது. சென்ற இடமெங்கும் வேறு வேறு உருக்கொண்டது. கொரியர் அதனை ‘டாங்’ என்றே வாசித்தனர். ஆயின் எழுத்தைக் கற்பிக்கும்போது ஓசையெனச் சொல்லாது, ‘சங்கிலி டாங்’ எனச் சொல்லிக் கொடுத்தனர். ஓசை அங்கே முற்றாகப் பொருளாக உறைந்துவிட்டது. யப்பானில் அதற்குச் சீன வழி வந்த ‘தோ’ என்னும் வாசிப்பு இருப்பினும், ‘கொஜிரி’ என்னும் நாட்டுச் சொல்லை எழுதவே அது பயன்பட்டது. கொஜிரி என்பது வாளுறையின் அடிமுனையில் பொருத்தும் உலோகக் குப்பி. ஓசைகளை எழுத யப்பானியர் தம் அசையெழுத்தையே பெரிதும் நாடினர். இரும்பை அடிக்கும் ஓசை அவர்களுக்குக் ‘கன்கன்’. கொரிய மன்னர் செயோங் 1446இல் வெளியிட்ட புதிய எழுத்துமுறையின் சிறப்பை விளக்கிய அறிஞர், காற்றின் ஓசையையும் கோழியின் கூவலையும் நாயின் குரைப்பையுங்கூட இதனால் எழுதலாம் எனப் பெருமிதம் கொண்டார். இன்று கொரியப் பள்ளி மணியின் ‘த்தெங் த்தெங்’ ஓசை அவ்வெழுத்திலேயே எழுதப்படுகிறது. வியட்நாமியர் உரோம எழுத்துக்கு மாறியபின் உலோகக் கிணுகிணுப்பை ‘லெங் கெங்’ என எழுதுகின்றனர்.

சீனத்திலேயே அவ்வெழுத்துக்கு வேறொரு வாசிப்பும் உண்டு. ‘சங்’ என்பதற்கு அணித்தாக ஒலிக்கும் அவ்வாசிப்பில் அது சமையற்கலத்தைக் குறிக்கும். இக்காலத்தில் ரொட்டி சுடும் தட்டைச் சட்டி. ஓசையும் சங்கிலியும் அடுப்பிலுள்ள சட்டியும் ஓரெழுத்துக்குள் அடங்கியது எனக்குப் புதிராகத் தோன்றவில்லை. முதல் அடிக்கு முன் ரொட்டி சுட்டு, இரண்டாம் அடிக்கு முன் களத்தில் நின்ற ஒருத்தியின் காலைப்பொழுது அதுதானே!

மணி சட்டியான கதை தமிழுக்கும் உண்டு. நியூசிலாந்தின் வங்காரே என்னும் பகுதிக்கருகே 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார் மாஓரி மக்களிடையே ஒரு வெண்கலக் கலத்தைக் கண்டார். அவர்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தனர். அது உண்மையில் ஒரு கப்பல் மணியின் மேற்பகுதி. அதன் விளிம்பைச் சுற்றித் தமிழெழுத்துகள்: முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது அவற்றின் செய்தி. இன்று வெலிங்டன் நகரத்து அரும்பொருளகத்தில் அது இருக்கிறது. கடலில் பொழுதுரைத்த மணி, அதன் எழுத்தறியாதவர் கையிற் பசி தீர்க்கும் கலமாயிற்று. இரண்டிலும் எது தாழ்ந்த பணி என்று எவர் கூற வல்லார்?

இனி, நம் மொழி இரும்பின் ஓசையை எவ்வாறு ஏற்றது என்பதைச் சிறிது நோக்குவோம். ‘டாங்’ என்னும் சொல்லில் வல்லினம் அடியைக் காட்டுகிறது. மெல்லினம் அடிக்குப் பின் நீளும் ரீங்காரத்தைக் காட்டுகிறது. சீனரின் கெங், சியாங், டாங் யாவும் மூக்கொலியில் முடிவதும் இதனாலேயே எனலாம். ஆனால் தமிழிலக்கணத்தின்படி டகரம் சொல்லுக்கு முதலாகாது. ஙகர மெய் சொல்லுக்கு ஈறாகாது. எனவே நாள்தோறும் எங்களை எழுப்பிய அவ்வோசை, இரு முனைகளிலும் இலக்கணத்துக்குப் புறம்பாக நின்றது. இதனால் நம் முன்னோர் ஓசையைக் கேளாதவர் என்பதன்று. உரிச்சொல் இசையிலும் குறிப்பிலும் பண்பிலும் தோன்றும் என வகுத்த தொல்காப்பியர், துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்பவற்றை ஓசை குறிக்கும் சொற்களாகத் தொகுத்துரைத்தார். இரட்டைக்கிளவி பிரிந்து நில்லாது என்றும் விதித்தார். கணகண, கலகல என மொழிமுதலாகும் எழுத்துகளைக் கொண்டே உலோகத்தைப் பேசவைத்தது தமிழ்.

அது மட்டுமன்று. ஓசை பொருளுக்குப் பெயராகும் சீன வழக்கை ஒத்த வழக்கு தமிழிலும் உண்டு. சிலம்புதல் என்றால் ஒலித்தல். ஒலிக்கும் காலணி சிலம்பு. எதிரொலிக்கும் மலையும் சிலம்பு. குழந்தையின் கிண்கிணி அதன் ஓசையையே பெயராகப் பூண்டது. ஆயினும் ஒரு வேறுபாடு என் நெஞ்சில் தைத்தது. நம் இலக்கிய வழக்கில் நான் அறிந்த உலோக ஓசைகள் பெரும்பாலும் அணிகலனின் ஓசை, ஆலய மணியின் ஓசை, தேரின் ஓசை. களத்துக்கு ஓடியவளின் செவியில் விழுந்த ஓசைக்கு அங்கே நான் பெயர் காணவில்லை. அது அம்மாயியின் நாவில் மட்டும் இருந்தது. “டாங்குன்னு விழும்” என்பார் அவர். ‘அடிக்கும்’ என்றோ ‘கேட்கும்’ என்றோ அவர் சொன்னதில்லை. எப்போதும் ‘விழும்’ என்பதே அவர் சொல்.

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்தில் மின்சாரச் சங்கு பொருத்தினர். தண்டவாளம் கழற்றப்பட்டுத் தொழிற்சாலையின் பின்புறத்தில் கிடந்தது. மாரியம்மன் கோயிலுக்கு வெண்கல மணி வாங்கப் பணம் சேரும்வரை அதனையே கோயில் வாயிலிற் கட்டலாம் எனக் கோயில் கமிட்டியார் முடிவு செய்தனர். அம்மாயி கூட்டத்தில் எழுந்து, “சாமிய எழுப்ப அந்தச் சத்தம் வேணாம் தம்பி. அது நம்மள ஏசுன சத்தம்” என்றார். எவரும் பொருட்படுத்தவில்லை. கட்டினார்கள். அதன்பின் மூன்றாண்டுகள், வெண்கல மணி வரும்வரை, பூசை மணி ஓய்ந்த பிறகே அவர் கோயிலுக்குச் செல்வார். “அது வெறும் இரும்பு, அம்மாயி” என்று சிறுவனாகிய நான் அவருக்கு அறிவுரை கூறினேன். சங்கிலியின் ஓசை சங்கிலியே ஆகிவிடும் என்பதை எழுதப்படிக்கத் தெரியாத அவர் அறிந்திருந்தார். பள்ளி சென்ற நான் அறியவில்லை. சீன அகராதியைப் படித்த பின் ஊருக்குச் சென்றபோது அதனை அவரிடம் எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அங்கயும் பெரட்டு இருந்திருக்கு போல” என்றார்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, எங்களுக்கு அயலிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அச்செய்தி கேட்ட நாள்முதல் எங்கள் சரிவிலும் எவரும் நிம்மதியாக உறங்கவில்லை. கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வானொலியிலும் கைப்பேசியிலும் வரும். ஆனால் பெருமழை இரவுகளில் முதலிற் போவது மின்சாரம். மின்சாரம் போனால் சங்கு ஊதாது, கைப்பேசியும் அணையும். இரும்புக்கு மின்சாரம் வேண்டியதில்லை. எனவே பழைய தண்டவாளத்தை மீண்டும் கட்டி, ஆபத்து வேளையில் அடிப்பதென இளைஞர்கள் எண்ணினர். ஆயினும் முன்னைய வழக்கை நினைவிற்கொண்டு, முதலில் அம்மாயியின் காம்பராவுக்கு வந்து கேட்டனர். நானும் அன்று அங்கிருந்தேன்.

அவர் உடனே விடை கூறவில்லை. அடிக்கப்போவது யார் எனக் கேட்டார். இரவில் முறைவைத்து விழித்திருக்கும் லயத்துப் பிள்ளைகள் என்றனர். எப்போது அடிப்பீர்கள் எனக் கேட்டார். மண் அசையும் அறிகுறி கண்டால் என்றனர். “களத்துல கட்டாதீங்க. லயத்துப் பக்கம் கட்டுங்க” என்றார். அவ்வாறே செய்தனர்.

மாலையில் ஒருமுறை அடித்துப் பார்த்தார்கள். அம்மாயி வாசற்படியில் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். திடுக்கிடவில்லை. பனியில் அவ்வோசை சரிவிறங்கி, எதிர்மலையிற் பட்டு, மீண்டும் மெலிதாக வந்து, ஓய்ந்தது. முற்றாக ஓயும்வரை நின்றவர், “நல்லாத்தான் கேக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார். அதன்பின் இரண்டாண்டுகளே அவர் உயிர்வாழ்ந்தார்.

எங்கள் ஊரின் சிங்களப் பெயர் ஹப்புத்தலே. அதனைத் தமிழர் நாவு அப்புத்தளை ஆக்கிற்று. ஒலி ஒப்புமையால் வந்து சேர்ந்த அந்தத் ‘தளை’க்குத் தமிழில் விலங்கு என்றும் பொருளுண்டு, யாப்பில் ஒரு சீரை அடுத்த சீரோடு சேர்க்கும் கட்டு என்றும் பொருளுண்டு. ஊர்ப்பெயருக்கும் இப்பொருள்களுக்கும் தொடர்பில்லை என்பதை நன்கறிவேன். ஆயினும் அந்த இரும்பின் ஓசையை எண்ணும்போதெல்லாம் இவ்விரு பொருளும் என் நினைவுக்கு வருகின்றன. நாற்பதாண்டுகள் அம்மாயியைப் பிணித்த அதே ஓசை, இன்று மழையிரவுகளில் ஒரு லயத்தாரை மற்றொரு லயத்தாரோடு சேர்த்து வைத்திருக்கிறது.

சீனரின் அவ்வெழுத்தில் சங்கிலியும் சட்டியும் இன்றுவரை அழியாதிருப்பதற்குக் காரணம், யாரோ ஒருவர் அவற்றை எழுதி வைத்தமையே. எங்கள் மலைகளில் தப்பும் சங்கும் தண்டவாளமும் எழுப்பிய ஓசைகளுக்கு, அவற்றைக் கேட்டு எழுந்தவர்கள் வழங்கிய சொற்கள் இன்னும் முதியோர் சிலர் நாவில் இருக்கின்றன. மொழியாராய்ச்சியில் ஈடுபடும் மாணவ நண்பர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது, தத்தம் பாட்டிமாரிடம் அவற்றைக் கேட்டெழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஓசை எது என்று மட்டும் கேளாதீர்கள். அதனைக் கேட்டபோது அவர்கள் எங்கே நின்றார்கள் என்பதையும் கேட்டெழுதுங்கள்.